தேவாலயக் கட்டடங்களும் பராமரிப்புப் பொருளாதாரமும்: புனே நகர் தரும் பாடம்

ஒரு கட்டடத்தை எழுப்புவதற்கான செலவு ஒரு முறை ஏற்படுவது. அதைக் காப்பதற்கான செலவோ ஆண்டுதோறும் ஏற்படுவது. முன்னதை மூலதனச் செலவு என்றும் பின்னதைத் தொடர்செலவு என்றும் பொருளாதார மாணவர்கள் அறிவர். அணை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டை நாம் மறப்பதில்லை. ஆனால் பழமையான வழிபாட்டுத் தலங்களைப் பற்றிய பேச்சு பக்தி, கலை, வரலாறு என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவற்றின் ஓட்டைக் கூரையை யார் பணம் கொடுத்து அடைப்பது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. தேவாலயங்கள் மூடப்படுவதையும் கைமாறுவதையும் சிதைவதையும் ஆராயப் புகுவோருக்கு இவ்வினாவே திறவுகோல் ஆகும். மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாக விளங்குகிறது.

புனேயில் கிறிஸ்தவ ஆலயங்கள் ஆங்கிலேயரோடு வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். இது முற்றிலும் சரியன்று. பேஷ்வாக்களின் படையில் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் பணிபுரிந்தனர். அவர்களது வழிபாட்டிற்காகப் பேஷ்வா சவாய் மாதவராவ் நிலம் வழங்கியதைத் தொடர்ந்து 1792இல் தோன்றியதே இன்று 'சிட்டி சர்ச்' என வழங்கும் ஆலயம். ஓர் இந்து அரசு தன் ஊழியர்களின் வழிபாட்டிற்கு நிலம் அளித்தது. கட்டடத்தைக் காக்கும் பொறுப்பு வழிபடுவோரிடம் இருந்தது. பேஷ்வா ஆட்சி மறைந்தது, கம்பெனி ஆட்சி வந்தது, அதுவும் மறைந்தது. வழிபடுவோர் இருந்ததால் ஆலயமும் தொடர்ந்தது.

1817 நவம்பரில் கட்கிப் போருக்குப் பின் நகரம் கம்பெனியின் வசம் வந்தது. நகருக்குக் கிழக்கே கண்டோன்மென்ட் அமைந்தது. அங்குக் கம்பெனிப் படையினரின் தேவைக்காகக் கட்டப்பட்ட தூய மரியாள் ஆலயத்தை 1825இல் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் அர்ப்பணம் செய்தார். தமிழ் வாசகர்களுக்கு இப்பெயர் புதிதன்று. மறு ஆண்டு ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் காலமானவரும், அந்நகரின் கல்லூரிக்குத் தம் பெயரை ஈந்தவரும் இவரே. கட்கிப் பாசறையிலும் இவ்வாறே ஆலயம் எழுந்தது. பாரிஸ் நகரின் சென்ட் ஷாப்பெல் என்னும் சிற்றாலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு தூய பவுல் ஆலயம் கட்டப்பட்டு 1867இல் அர்ப்பணிக்கப்பட்டது. டேவிட் சசூன் என்னும் வணிகர் எழுப்பிய யூதர்களின் செந்நிற ஜெபாலயமும் அதே 1867இல்தான் நிறைவுற்றது. புனே மக்கள் அதனை 'லால் தேவள்' என்றே அழைப்பர்.

இவற்றுள் ராணுவ ஆலயங்களின் நிதி அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. அங்குப் பணியாற்றிய குருமார் அரசு ஊழியர்கள். அவர்களது ஊதியமும், அரசு பராமரித்த ஆலயங்களின் பழுதுபார்ப்புச் செலவும் இந்திய வருவாயிலிருந்து வழங்கப்பட்டன. இதற்கெனவே 'எக்லீசியாஸ்டிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்னும் சமயத் துறை ஒன்று இயங்கியது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் திருச்சபைச் சட்டத்தின்படி, 1930 மார்ச் முதல் தேதியன்று இந்திய ஆங்கிலிகன் சபை இங்கிலாந்துச் சபையுடனான சட்டத் தொடர்பிலிருந்து விடுபட்டது. எனினும் அரசுச் செலவு நிற்கவில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சமய விவகாரங்களைக் கவர்னர் ஜெனரலின் தனிப் பொறுப்பில் வைத்தது. ஓய்வூதியம் நீங்கலாக ஆண்டுக்கு 42 லட்சம் ரூபாய் வரை இதற்குச் செலவிடலாம் என வரம்பு கட்டி, அத்தொகையைச் சட்டசபையின் வாக்கெடுப்பிற்கு அப்பாற்பட்டதாகவும் ஆக்கியது. வரி செலுத்திய மக்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாலயங்களுள் ஒரு நாளும் காலடி வைத்தவரல்லர். அவர்களின் பிரதிநிதிகளுக்கு இச்செலவைப் பற்றி வாக்களிக்கும் உரிமையும் இல்லை. வரவு செலவுத் திட்ட வரலாற்றைக் கற்கும் மாணவர்கள் இவ்விதியை ஒரு முறையேனும் படித்துப் பார்த்தல் நலம்.

நாடு விடுதலை பெற்றபின் இத்துறை கலைக்கப்பட்டது. அரசு பராமரித்த ஆலயங்கள் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. சமயச் சார்பற்ற குடியரசு ஒன்று வேறு எதையும் செய்திருக்க இயலாது, செய்திருக்கவும் கூடாது. இந்தியாவை விட்டுச் சென்ற கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு 1948 பிப்ரவரி 28 அன்று பம்பாயில் கப்பலேறியது. இதன் பொருளாதார விளைவைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓர் ஆலயத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு: வழிபடுவோர், வருவாய். புனேயின் ராணுவ ஆலயங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இவ்விரண்டையும் இழந்தன. ஆயிரம் சிப்பாய்கள் அணிவகுத்து வந்து அமர்வதற்காகத் திட்டமிடப்பட்ட மண்டபம் எஞ்சியது; அணிவகுப்பு எஞ்சவில்லை.

இச்சுமையின் இயல்பைக் கற்பனைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஓர் ஆலயத்தின் ஆண்டுப் பராமரிப்புக்கு 12 லட்சம் ரூபாய் தேவை எனக் கொள்வோம். 1,000 குடும்பங்கள் இருப்பின் குடும்பத்திற்கு 1,200 ரூபாய் வீதம் ஆகிறது. குடும்பங்கள் 100ஆகக் குறைந்தால் ஒவ்வொன்றும் 12,000 ரூபாய் தர வேண்டும். உறுப்பினர் குறைவதற்கேற்பக் கூரையின் பரப்புச் சுருங்குவதில்லை. மணிக்கூண்டின் உயரமும் குறைவதில்லை. தொழிற்சாலையாயின் ஓர் இயந்திரத்தை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம். கோபுரத்தில் பாதியை மட்டும் பராமரிக்க வழியில்லை.

பணம் போதாத சபை முதலில் ஒத்திப்போடுவது பழுதுபார்ப்பையே. குருவின் ஊதியத்தையோ மின் கட்டணத்தையோ ஒத்திப்போட முடியாது. மழைநீர்க் குழாயில் அடைந்த சருகை இவ்வாண்டு அகற்றாவிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பருவமழையின்போது அந்நீர் சுவருக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புச் சாந்து ஊறிப்போகிறது. கல் இடுக்கில் அரசங்கன்று முளைக்கிறது. சுவருக்குள் நுழையும் இடத்தில் தேக்கு உத்தரத்தின் நுனி உளுக்கிறது. அந்நுனி வெளிப்பார்வைக்குத் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. கட்டட மதிப்பீடுகளைப் பல்லாண்டுகள் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் மற்றொன்றையும் கூறலாம். இத்தகைய சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசுவதைப் பலர் பழுதுபார்ப்பு எனக் கருதுகின்றனர். உண்மையில் அது ஈரத்தை வெளியேறவிடாமல் உள்ளேயே அடைத்து வைக்கிறது. அத்தகைய பழுதுபார்ப்பைவிடச் சும்மா இருப்பதே மேலானது.

ஒத்திப்போடுவதன் விலை எவ்வளவு விரைவில் வெளிப்படும் என்பதற்குக் கோவா கண்கண்ட சான்று. 1834இல் போர்த்துகல் அரசு துறவற சபைகளைக் கலைத்துச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டில் அது கோவாவில் செயற்படுத்தப்பட்டது. பழைய கோவாவில் அகஸ்தினார் சபையின் பேராலயம் அன்று நல்ல நிலையில் நின்றது. போர் எதுவும் நிகழவில்லை, நிலநடுக்கமும் இல்லை. பராமரிப்பார் அகன்றனர், அவ்வளவே. 1842இல் அதன் வளைகூரை இடிந்து வீழ்ந்தது. 7 ஆண்டுகளே போதுமானவையாயின. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. எஞ்சிய கோபுரத் துண்டு, அங்குள்ள பிற ஆலயங்களுடன் 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சற்றுத் தொலைவிலுள்ள பொம் இயேசு ஆலயமோ, புனித சவேரியாரின் உடலைத் தாங்கியிருப்பதால், யாத்திரிகர்களையும் அவர்களால் வரும் வருவாயையும் இழக்கவில்லை. அதன் கூரை நிற்கிறது.

இதற்கு நேர்மாறான சான்று கொச்சிக் கோட்டையிலுள்ள தூய பிரான்சிஸ் ஆலயம். போர்த்துகீசியத் துறவியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது இது. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேயே. 1663இல் டச்சுக்காரர் அதனைத் தம் சீர்திருத்தச் சபைக்கு உரியதாக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் அது ஆங்கிலிகன் சபையைச் சார்ந்தது. 1923 முதல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகவும், 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாகவும் இருந்து வருகிறது. கொள்கை மாறியது, மொழி மாறியது, கொடி மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கூரையைப் பற்றிக் கவலைகொள்ளும் ஒருவர் இருந்தார்.

சபை முழுவதுமாக இடம்பெயர்ந்துவிடும் நிலையும் உண்டு. புனேயின் பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா 1739இல் வசைக் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினார். கோட்டைக்குள் இருந்த ஆலயங்கள் நாளடைவில் பாழடைந்தன. அவற்றின் வெண்கல மணிகளை மராத்தியப் படைவீரர் தக்காணத்துக் கோயில்களுக்குக் கொண்டு சென்றனர். புனே மாவட்டத்துப் பீமாசங்கர் கோயிலில் அத்தகைய மணி ஒன்றை இன்றும் காணலாம். கட்டடம் அழிந்து மணி மட்டும் பிழைத்ததற்குக் காரணம், மணியைப் பயன்படுத்துவோர் இருந்தமையே.

நம் காலத்து எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துச் செட்டிஹள்ளி. பிரெஞ்சு மறைப்பணியாளர் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜெபமாலை அன்னை ஆலயம் அங்கு இருந்தது. கொரூரில் ஹேமாவதி அணை 1979இல் நிறைவுற்றபின் ஊர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அகப்பட்டது. மக்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆலயம் நின்ற இடத்திலேயே நின்றது. மழைக்காலத்தில் நீரில் பாதி மூழ்கியும், கோடையில் வெளிப்பட்டும் காட்சியளிக்கும் அதனைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். பாசனத்தின் பயனைக் கணக்கிட்ட நாம், மூழ்கும் வழிபாட்டுத் தலத்தை இழப்பீட்டுப் பட்டியலில் எவ்விலைக்கு எழுதுவது என்பதற்கு இன்றுவரை நிறைவான முறை கண்டோமில்லை. இது தேவாலயங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. கிராம தெய்வங்களின் கோயில்களும் இவ்வாறே மூழ்கியுள்ளன.

மீண்டும் புனேக்கு வருவோம். அங்கு நிகழ்ந்தது கோவாவின் கதையன்று. பெரும்பாலும் கொச்சியின் கதையே. வெள்ளைப் படையினர் அகன்ற இடத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் அமர்ந்தனர். தெற்குப் படைத் தலைமையகம், கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே ஆகியவற்றின் பணியின்பொருட்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் குடியேறினர். அவர்களுள் தமிழரும் கணிசமானோர். ஆங்கிலம் ஒலித்த ஆலயங்களில் மராத்தியிலும் தமிழிலும் ஆராதனைகள் நடைபெறலாயின. படைப்பிரிவுகளின் நினைவுக் கற்கள் பதித்த சுவர்களுக்கிடையே, அப்படைகளோடு எவ்வித உறவும் இல்லாத குடும்பங்களின் திருமணங்கள் நடந்தேறுகின்றன. 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது இவ்வாங்கிலிகன் ஆலயங்கள் அதன் பகுதியாயின. எனவே புனேயில் மாறியது கட்டடத்தின் பயன் அன்று, பயனாளிகளே மாறினர். செட்டிஹள்ளியிலிருந்து மக்களை வெளியேற்றியதும் வளர்ச்சிப் பணியே, கட்கிக்கு மக்களைக் கொண்டு சேர்த்ததும் வளர்ச்சிப் பணியே என்பதை இங்குச் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் பயனாளிகள் மாறியபோது வருவாயின் அளவும் மாறியது. ஓர் ஏகாதிபத்தியத்தின் கருவூலம் சுமந்ததை நடுத்தர ஊழியர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை சுமக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் ஆலயங்களைச் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஓங்கி வளர்ந்தது. இதுவே இன்றைய சிக்கலின் மையம். கட்டடம் செலவு கேட்கிறது; நிலமோ பணம் தருவதாக ஆசை காட்டுகிறது. சந்தையின் கணக்கில், நிலத்தின்மீது நிற்கும் பழைய ஆலயம் ஒரு சொத்தன்று, அகற்றப்பட வேண்டிய தடை. அக்கணக்கு தவறானது என்பது என் கருத்து. ஆனால் அதனைத் தவறென்று கூறினால் மட்டும் போதாது. ஆண்டுச் செலவுக்கு வேறு வழி காட்டவும் வேண்டும்.

சட்டம் இங்கு மூன்று தடுப்புகளை வைத்துள்ளது. 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டம், இன்று மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் என வழங்குவது, அதன் 36ஆம் பிரிவின் மூலம் அறக்கட்டளையின் அசையாச் சொத்தை அறநிலைய ஆணையரின் முன் இசைவின்றி விற்கவோ மாற்றவோ கொடையளிக்கவோ இயலாதெனக் கூறுகிறது. விவசாயம் சாராத நிலத்தையும் கட்டடத்தையும் 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதற்கும் இசைவு தேவை. இச்சட்டத்தைப் பற்றிய ரத்திலால் பானாசந்த் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பு மாணவர்கள் கற்கத்தக்கது. சமய அறக்கட்டளை ஒன்றின் மூல நோக்கத்தை இன்னும் நிறைவேற்ற இயலும் நிலையில், அதன் பொருளை வேறு நோக்கத்திற்குத் திருப்புவது அரசியலமைப்புக்கு முரணானது என்பது அதன் சாரம். பத்துப் பேர் வழிபட்டாலும் ஆலயம் ஆலயமே. அதைப் பயனற்றதென அதிகாரி அறிவித்துவிட முடியாது.

இரண்டாவது, சபைகளின் இணைப்புப் பற்றியது. சபைகள் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்றியதாலேயே சொத்துரிமை தானாக மாறிவிடாது, பதிவுபெற்ற சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரிய சட்ட முறை பின்பற்றப்பட வேண்டும் என்று குஜராத்தின் பிரெத்ரன் சபை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. உரிமை ஐயத்திற்கு உட்பட்ட கட்டடத்திற்கு எவரும் பெருந்தொகை செலவிட முன்வருவதில்லை. வழக்கு நீளும் ஆண்டுகள் யாவும் கூரைக்குப் பருவமழைகளே. மூன்றாவது, 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சிறப்பு விதிகள் சட்டம். ஒரு பிரிவினரின் வழிபாட்டுத் தலத்தை வேறு பிரிவினரின் வழிபாட்டுத் தலமாக மாற்றுவதை இது தடுக்கிறது.

இம்மூன்றாவது தடுப்பின் தனித்தன்மை இங்கிலாந்தோடு ஒப்பிடும்போது விளங்கும். அங்கு 1968இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சபை விதியொன்று, தேவைக்கு மிஞ்சிய ஆலயங்களை மூடுவதற்கு ஒழுங்கான முறை வகுத்தது. மாற்றுப் பயன் முதலில் தேடப்படுகிறது. கலைச்சிறப்பு மிக்கவை தனி நிதியம் ஒன்றிடம் சேர்கின்றன. அரசும் திருச்சபையும் சேர்ந்து தாங்கும் அந்நிதியத்தின் பொறுப்பில் இன்று 350க்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன. ஏனையவை வீடுகளாகவும் நூலகங்களாகவும் பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களாகவும் மாறின. இலண்டனின் ஈலிங் பகுதியில் ஈழத்தமிழர் வழிபடும் கனகதுர்க்கை அம்மன் கோயில் ஒரு பழைய கிறிஸ்தவச் சிற்றாலயக் கட்டடத்தில் அமைந்ததே. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13ஆம் நூற்றாண்டுத் தொமினிக்கன் ஆலயம், பிரெஞ்சுப் படையெடுப்பின்போது வழிபாடு நின்று, பின்னர்ச் சேமிப்புக் கிடங்காகவும் மிதிவண்டி நிறுத்துமிடமாகவும் இருந்து, இந்நூற்றாண்டில் புத்தகக் கடையாயிற்று. இவ்வழிகளை அப்படியே இங்கு நடுதல் இயலாது. அங்கு மூடப்படுவதற்குக் காரணம் வழிபடுவோர் இன்மை. இங்கு வழிபடுவோர் இருக்கின்றனர், பணம்தான் இல்லை. நோய் வேறாயின் மருந்தும் வேறாதல் வேண்டும்.

நம் நிலைக்குப் பொருந்துவது, ஆலயத்தை மூடாமல் அதன் வளாகத்திலிருந்து அளவான வருவாய் ஈட்டுவதே எனத் தோன்றுகிறது. மண்டபம், பள்ளி அறைகள், திறந்தவெளி ஆகியவற்றைக் குறுகிய காலத்திற்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் வைக்கலாம். நகருக்கும் இதில் பொறுப்பு உண்டு. குருவார் பேட்டையிலுள்ள பாஞ்ச் ஹவுத் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த ஐந்து நீர்த்தொட்டிகளால் வந்த பெயர் அது. 1890இல் அதன் மிஷன் வளாகத்தில் ரானடே, திலகர் உள்ளிட்டோர் தேநீர் அருந்தினர் என்ற செய்தி புனேயின் வைதிகரிடையே பெரும் புயலைக் கிளப்பியது. கிறிஸ்தவரல்லாத ஆய்வாளரும் அவ்வளாகத்தைத் தேடி வருகின்றனர். இவ்வாறு கட்டணம் செலுத்தாதோரும் பெறும் பயனைப் பொருளியலார் புறப்பயன் என்பர். புறப்பயன் உள்ள பொருளை அதன் உரிமையாளர் மட்டுமே தாங்க வேண்டுமென விட்டால் அது தேவையைவிடக் குறைவாகவே பராமரிக்கப்படும். சமயத்திற்கு உதவுதல் வேறு, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் உதவுதல் வேறு என்ற வேறுபாட்டை நிதி விதிகளில் தெளிவாக எழுத முடியும்.

காலம் அதிகமில்லை. கண்டோன்மென்ட்களில் பெரும்பகுதி நிலம் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்தது. நிலத்தின் உரிமை ஒருவரிடமும் அதன்மேலுள்ள கட்டடம் மற்றொருவரிடமும் இருப்பது அங்கு வழக்கமான நிலை. இக்கட்டுப்பாடு பலருக்கும் தொல்லையாக இருப்பினும், பழைய ஆலயங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் எழாமல் காத்ததும் அதுவே. 2023இல் இமாசலப் பிரதேசத்தின் யோல் தனது கண்டோன்மென்ட் தகுதியை இழந்தது. அதனைத் தொடர்ந்து புனே, கட்கி உள்ளிட்ட இடங்களின் குடிமக்கள் பகுதிகளையும் அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு இணைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. இணைப்பு நிறைவேறும் இடங்களில் கட்டட விதிகளும், தளப்பரப்புக் குறியீடும், அவற்றோடு நிலத்தின் விலையும் மாறும். ஓர் ஆலயம் எந்த நிலத்தில், எவ்வகை உரிமையில், எந்த எல்லைகளுக்குள் நிற்கிறது என்பது கண்டோன்மென்ட்டின் பொது நிலப் பதிவேட்டில் உள்ளது. கோப்புகள் கைமாறும் நாளில் அப்பதிவுகள் ஒன்று விடாமல் நகராட்சியின் பதிவேட்டிலும் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியுள்ளனவா என்று சரிபார்த்தல் சம்பந்தப்பட்ட அலுவலரின் முதல் வேலையாக இருத்தல் வேண்டும்.